மாந்தோப்புக்குப் போன பேனர்

சமய நூல்களை இலக்கியமாகப் படிக்கும் பாடத்தாளை மறுபடியும் தொடங்கப் போகிறார்கள், குர்ஆன் பகுதியை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். அதை நடத்துவது எப்படி என்று ஓய்வு பெற்ற கிழவியிடம் கேட்கத் தோன்றியதே, அதற்கும் சந்தோஷம். பாடத்திட்டத்தைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். விழா முடிந்த பிறகு நம் கல்லூரியின் ஃப்ளெக்ஸ் பேனர்கள் எங்கே போகின்றன என்று அலுவலகத்தில் விசாரித்து வையுங்கள். சிரிக்காதீர்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான் கிருஷ்ணகிரிக்காரி, கத்தோலிக்கக் குடும்பம். ஓசூர்ப் பக்கத்தில் இருக்கும் இந்தக் கல்லூரியின் தமிழ்த்துறையில்தான் என் தலைமுடி நரைத்தது. அந்தத் தாளில் குர்ஆன் பகுதியை எடுக்க ஒருவரும் முன்வரவில்லை. ஆளாளுக்கு ஒரு பயம். நான் எடுத்தபோது, "உங்க சாமியே உங்களுக்குப் போதாதா மேடம்?" என்று ஆசிரியர் அறையில் கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த பேராசிரியர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அவர் அடிக்கடி சொன்னது இதுதான்: "முதல்ல கேளு. இது காதுக்கு வந்தது, அப்பறம்தான் தாளுக்கு வந்தது." அதனால் என் வகுப்பில் முதலில் ஓதலை ஒலிக்கவிடுவேன். வீட்டில் கன்னடம் பேசுகிற பிள்ளை, தெலுங்கு பேசுகிற பிள்ளை, தஞ்சாவூரிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த அப்பாவின் பிள்ளை என்று எல்லாரும் இருப்பார்கள். ஒருவருக்கும் அரபி தெரியாது. ஆனாலும் குரல் எங்கே திரும்புகிறது, எங்கே எச்சரிக்கிறது, எங்கே ஆறுதல் சொல்கிறது என்று சரியாகக் கை தூக்குவார்கள். பிறகு தமிழ் மொழிபெயர்ப்பைப் படிப்போம். அதற்கும் பிறகு மக்காவுக்குப் போவோம்.

மக்கா ஒரு வணிக ஊர். ஒட்டகக் கூட்டங்கள் சரக்கோடு வந்து போகும் இடம். குலத்தின் மானம் கவிஞனின் நாக்கில் இருந்த காலம் அது. நட்சத்திரத்தின் மேலும் வானத்தின் மேலும் ஆணையிட்டு, எதுகை போட்டுக் குறி சொல்கிறவர்களும் இருந்தார்கள். அப்படிப்பட்ட காதுகளில்தான் நபிகள் ஓதியது விழுந்தது. சிலர் கவிஞன் என்றார்கள், சிலர் குறிகாரன் என்றார்கள். இரண்டும் இல்லை என்று அந்த வேதமே மறுக்கிறது. அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள், அந்த மறுப்புக்கு ஏன் அவ்வளவு அழுத்தம் என்று புரிய வேண்டுமானால், அந்தக் காதுகள் அதுவரை எதைக் கேட்டுப் பழகியிருந்தன என்று தெரிய வேண்டும். தாளின் நோக்கமே இவ்வளவுதான். யாருடைய நம்பிக்கையிலும் கை வைக்கிற வேலை இதில் இல்லை.

ஒரே ஒரு கண்டிப்பு வைத்திருந்தேன். என் வகுப்பில் அரபி மூலத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்க மாட்டேன். நம் துறை கொடுக்கும் தாள்களின் கதி உங்களுக்குத் தெரியும். சிவப்பு மையில் கோடு போடுவோம். பிள்ளைகள் அதை மடித்து விசிறிக்கொள்வார்கள், பஸ்ஸில் விரித்து உட்காருவார்கள். கடைசியில் கேண்டீனில் அதில் போண்டா எண்ணெயைப் பிழிவார்கள். முஸ்லிம் வீடுகளில் வேத வரி உள்ள தாள் கிழிந்தால்கூடக் குப்பையில் போடுவதில்லை. உயரத்தில் வைத்திருந்து, பிறகு சுத்தமான மண்ணில் புதைப்பார்கள். நமக்கு அது பாடப்பகுதி. அவர்களுக்கு அது வேதம். இந்த வித்தியாசம் தெரியாதவர் இந்தத் தாளின் பக்கமே வரக்கூடாது என்பது அன்றும் இன்றும் என் கட்சி.

ஷமீம் என்னிடம் எம்.பில் ஆய்வுக்கு வந்தாள். எம்.பில் அப்போது இருந்தது. ஊத்தங்கரைப் பெண். அவள் அத்தா புளி வியாபாரி. வீட்டில் பேசுவது தமிழ்தான். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டே படித்தாள். குர்ஆனைத் திறப்பதற்கு முன் குழாயடிக்குப் போய்க் கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு, ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு வருவாள். நான் காத்திருப்பேன். ஆணையிட்டுத் தொடங்கும் அத்தியாயங்கள்தான் அவளுடைய ஆய்வு. அதிலும் சூரியனின் பெயரில் உள்ள அத்தியாயம் என்றால் அவளுக்கு உயிர்.

அந்த அத்தியாயம் சிறியது. வரிகள் எல்லாம் 'ஹா' என்ற ஒரே ஒலியில் போய் முடியும். சூரியன், சந்திரன், பகல், இரவு, வானம், பூமி என்று ஒவ்வொன்றின் மேலும் ஆணையிட்டுக்கொண்டே வந்து, கடைசியில் மனித ஆன்மாவின் மேல் ஆணையிடும். ஒருநாள் ஷமீம் ஓட்டமாக ஓடி வந்தாள்.

"மேடம், எல்லாம் ஜோடி ஜோடியா வருது பாருங்க. சூரியனுக்கு சந்திரன், பகலுக்கு ராத்திரி, வானத்துக்கு பூமி. ஆன்மாவுக்கு மட்டும் ஜோடி இல்ல. ஏன்னா அதோட ஜோடி உள்ளாரயே இருக்குது. நல்லதும் கெட்டதும் அதுக்குள்ளயே வச்சிருக்குதுன்னு அடுத்த வரியில வருது."

அவள் கண்ணில் தண்ணீர்.

"சின்ன வயசுலருந்து ஓதுறேன் மேடம். இப்பதான் கேக்குறேன்."

இந்த வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய சம்பளம் இதுதான்.

நான் ஓய்வு பெறும் வருடம் அது. வாய்மொழித் தேர்வு முடிந்துவிட்டால் ஷமீமையே தற்காலிக விரிவுரையாளராகப் போட்டு இந்தத் தாளைக் கொடுப்பதாக முதல்வர் வாய் வார்த்தையாகச் சொல்லியிருந்தார். அவள் கம்பெனியில் ஷிஃப்ட் மாற்றிக் கேட்டு, தூக்கத்தை விட்டு எழுதிக்கொண்டிருந்தது அந்த வேலைக்காகத்தான். எனக்குப் பிறகு அவள் இல்லையென்றால் தாளும் இல்லை.

அந்த நேரம் பார்த்து, கல்லூரிக்குத் தரம் போடும் குழு வருகிறது என்றார்கள். ஒவ்வொரு துறையும் ஏதாவது புதுமை காட்ட வேண்டும். அதுவரை என் வகுப்பு வாசலை எட்டிப் பார்க்காத துறைத்தலைவருக்குத் திடீரென்று குர்ஆன் மேல் பாசம் வந்தது. ஷமீமின் ஆய்வேட்டிலிருந்து அந்த அத்தியாயத்தின் தொடக்கத்தை எடுத்துப் பெரிய அரபி எழுத்தில் போட்டு, பின்னால் ஒரு மஞ்சள் சூரியனையும், மூலையில் கைகூப்பிய தாளாளர் படத்தையும் வைத்து ஃப்ளெக்ஸ் அடிக்கப் போவதாகச் சொன்னார். மொழிபெயர்ப்பை மட்டும் போடுங்கள், மூலம் வேண்டாம் என்று நான் சொன்னேன். ஷமீமும் கெஞ்சினாள்.

"சார், வேணாம் சார். அது கீழ விழுந்தாலே எங்களுக்கு மனசு பதறும்."

"ஆணி அடிச்சு மாட்டுனா எப்படிம்மா கீழ விழும்? ரெண்டு நாள் மேட்டர். நான் பொறுப்பு" என்றார் துறைத்தலைவர்.

குழு வந்தது. பேனருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது. மத நல்லிணக்கம் என்று பாராட்டி எழுதிவிட்டு, முந்திரி கேக் தின்றுவிட்டுப் போனது. நல்ல தரமும் கிடைத்தது. துறைத்தலைவருக்குச் சால்வை போர்த்தினார்கள்.

பிறகு மாங்காய் சீசன் வந்தது. நம் தாளாளருக்குச் சாமல்பட்டிப் பக்கம் மாந்தோப்பு இருப்பது உங்களுக்கு இன்னும் தெரிந்திருக்காது. கல்லூரியில் கழற்றும் பேனர் எல்லாம் கல்லூரி வேனிலேயே அந்தத் தோப்புக்குப் போய்விடும். மண் படாமல் மாங்காயைக் கொட்டித் தரம் பிரிக்க ஃப்ளெக்ஸ் மாதிரி வசதி எதுவும் இல்லை. விளையாட்டு விழா, பட்டமளிப்பு விழா, அஞ்சலி எல்லாம் அங்கே மாங்காய்க்கு அடியில்தான். சூரிய அத்தியாயமும் அங்கே போய்ச் சேர்ந்தது. மாங்காய்க் குவியல், ஓரங்களில் செருப்புக் கால்கள், நடுவில் வேத வரி. மாங்கூழ் ஃபேக்டரிக்கு லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர் ஒருவர் அதைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டார்.

அந்தப் படம் வாட்ஸப்பில் ஏறி, பொழுது சாய்வதற்குள் கிருஷ்ணகிரி முழுக்கச் சுற்றியது. ஜமாஅத்தார் முதல்வரைப் பார்க்க வருகிறோம் என்று நிதானமாகத்தான் சொல்லி அனுப்பினார்கள். வேறொரு கூட்டமோ, இந்தப் புத்தகத்துக்குக் கல்லூரியில் என்ன வேலை என்று எதிர்ப்பக்கத்திலிருந்து கூச்சல் போட்டது. படத்தில் தாளாளரின் கைகூப்பிய முகத்தின் மேலும் மாங்காய்கள் கிடந்தன. வேதத்தைவிட அது அவரை அதிகம் உறுத்தியிருக்கும் என்று நான் நினைக்கிறேன். தோப்பு யாருடையது என்ற பேச்சே எழக்கூடாது என்று அவரிடமிருந்து உத்தரவு வந்தது.

ஜமாஅத்தார் வருவதற்கு முன்னால் என்னையும் ஷமீமையும் முதல்வர் தன் அறைக்கு அழைத்தார். துறைத்தலைவரும் இருந்தார். முதல்வர் குரலில் ஒரே தேன்.

"ஷமீம், நீ ஒரு வார்த்தை சொல்லிடும்மா. நாந்தான் எழுதிக் குடுத்தேன், நாந்தான் பேனரை வேன்ல போட்டேன், கவனிக்காம விட்டுட்டேன்னு. உங்க ஆளுங்கதானே. பொம்பளப்புள்ள, தெரியாம பண்ணிட்டாள்னு விட்டுடுவாங்க. வைவா தேதி நான் பாத்துக்கறேன்."

"அவ ஏன் சார் சொல்லணும்? அவ வேண்டாம்னு சொன்னவ" என்றேன். துறைத்தலைவரைப் பார்த்து, "நான் பொறுப்புன்னு சொன்னீங்களே?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டிஸ்ப்ளேக்கு பொறுப்புன்னு சொன்னேன் மேடம். டிஸ்போசலுக்கு சொல்லல."

அந்தப் பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஓசூர்க் கம்பெனிகளில் ஒரு ஸ்க்ரூ தவறினாலும் எந்த டிபார்ட்மெண்ட் என்று பிடித்துவிடுவார்கள். நம்மைப்போலப் படித்தவர்கள் கூடியிருக்கும் இடத்தில்தான் பொறுப்பு இப்படிப் பாதி வழியில் இறங்கிக்கொள்ளும்.

ஜமாஅத்தார் வந்தார்கள். பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி மாங்கூழ் வியாபாரம் செய்கிறவர், மெதுவாகப் பேசுகிற மனிதர். கூடவே ஊத்தங்கரைப் பள்ளிவாசலின் ஹஜ்ரத், அதாவது தொழுகை நடத்தும் இமாம். தோப்பு அந்தப் பக்கம் என்பதால் அவரையும் அழைத்து வந்திருந்தார்கள். ஷமீமுக்குச் சின்ன வயதில் ஓதக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். அவரைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

முதலில் பேனரைக் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டு வந்தார்கள். ஹஜ்ரத் தன் தோள்துண்டால் மண்ணையும் மாங்காய்ப் பாலையும் துடைத்தார். சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். பேச்சு முடியும்வரை அதைக் கீழே வைக்கவில்லை.

முத்தவல்லி என்னிடம் திரும்பினார். "ஏம்மா, வேதத்தைப் போயி இலக்கியம்ங்கறீங்களே. கதை, பாட்டு, அதுங்களோட சேத்துடறீங்களா?"

நியாயமான கேள்வி. அந்த அறையில் அன்று கேட்கப்பட்ட ஒரே நியாயமான கேள்வி அதுதான்.

"இல்லீங்க பாய். என்ன சொல்லியிருக்குதுன்னு உங்க பெரியவங்க சொல்லுவாங்க. எப்படிச் சொல்லியிருக்குதுன்னு நாங்க கவனிச்சுக் கேக்கறோம். அன்னிக்கு மொதமொதல்ல கேட்டவங்க ஏன் ஆடிப்போனாங்கன்னு தெரிஞ்சுக்கறோம். அவ்வளவுதான். இந்தப் பொண்ணு என்னைவிட நல்லாச் சொல்லுவா."

ஷமீம் எழுந்து நின்றாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முதலில் ஓதினாள். போகப்போகக் குரல் தெளிந்தது. பிறகு அந்த ஜோடிகளைச் சொன்னாள். குறிசொல்கிறவர்களும் இப்படி ஆணையிட்டார்கள், ஆனால் அவர்கள் ஆணையிட்டது காணாமல்போன ஒட்டகத்துக்கும் குலச் சண்டைக்கும்தான், இங்கே அது கேட்கிறவனின் உள்ளத்தையே கேள்வி கேட்கத் திரும்புகிறது என்றாள்.

ஹஜ்ரத் தாடியைத் தடவினார். "இது எங்க விளக்க நூல்கள்லயே இருக்குது புள்ள. நீ புதுசா ஒண்ணும் சொல்லிடல" என்றார். பிறகு, "ஆனா நல்லா சொன்ன" என்றார்.

ஷமீம் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து, பிரச்சினை முடிந்துவிட்டது என்றே நான் நினைத்தேன்.

முத்தவல்லியும் அப்படித்தான் நினைத்தார். "படிக்கட்டும். படிக்கறதுல எங்களுக்கு ஒரு சங்கடமும் இல்ல. இதைத் தோப்புக்கு அனுப்புனது யாரு? அவங்க ஒரு வார்த்தை, தெரியாம நடந்துடுச்சுன்னு சொல்லட்டும். இத்தோட எந்திரிச்சுப் போறோம்."

ஒரே ஒரு வார்த்தை. மன்னிப்புக்கூட இல்லை, வருத்தம். நான் துறைத்தலைவரைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். முதல்வர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாணவி தரப்புல ஒரு சின்ன கவனக்குறைவு..." என்று ஆரம்பித்தார்.

"பொய்" என்றேன் சத்தமாக. "இவ வேண்டாம்னு தலையால தண்ணி குடிச்சவ. அனுப்புனது ஆபீஸ். தோப்பு யாரோடதுன்னு கேளுங்க பாய்."

முத்தவல்லி எதையோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் ஷமீம், "நாந்தான் அனுப்புனேன். தெரியாம அனுப்பிட்டேன்" என்றாள்.

ஹஜ்ரத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். பேனரை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நீயா?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் மறுபடி வாய் திறந்தேன். "பொண்ணே ஒத்துக்கிட்டப்பறம் நீங்க ஏன் மேடம் பெருசு பண்றீங்க?" என்று முதல்வர் என்னை அடக்கினார். டீ வந்தது. எல்லாரும் குடித்தார்கள். ஹஜ்ரத் குடிக்கவில்லை. முறைப்படி புதைப்பதற்காகப் பேனரைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்து போனார்.

வராந்தாவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்டி அப்படிச் சொன்ன?"

"நான் ஒத்துக்கிட்டா தாள் நிலைக்கும்னு பிரின்சிபல் காலையில ஃபோன் பண்ணிச் சொன்னாரு மேடம். இல்லன்னா மொத்தமா தூக்கிடுவாங்களாம். ஒரு வார்த்தைதானே."

தாள் நிலைத்ததா என்று கேட்கிறீர்களா? அந்தக் கோடை முடிவதற்குள், சர்ச்சைக்கு இடமளிக்க வேண்டாம் என்று நிர்வாகக் கூட்டத்தில் அந்தத் தாளையே எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் நேர்முகத் தேர்வுக்குத் தயாராவது எப்படி என்று ஒரு தாள் வந்தது. கூச்சல் போட்ட கூட்டத்துக்கும் திருப்தி, தாளாளருக்கும் திருப்தி. ஷமீமின் வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வரவில்லை. தலைப்பை 'இயற்கை வருணனை' என்று மாற்றி, குர்ஆன் என்ற சொல்லையே எடுத்துவிட்டால் பார்க்கலாம் என்றார்கள். அவள் மாட்டேன் என்றாள். ஊத்தங்கரையில் அவளுக்கு ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது: வேதத்தை மாங்காய்க்கு அடியில் போட்ட பெண். கல்யாண வீடுகளில் பெண்கள் அவளைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்கள். அவள் அத்தா திட்டவில்லை. படிப்பு எப்படிப் போகிறது என்று தினமும் கேட்கிற மனிதர், கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

துறைத்தலைவர் துணை முதல்வரானார். எனக்கு வழியனுப்பு விழா நடந்தது. என் முகத்தைப் போட்டு ஃப்ளெக்ஸ் அடித்திருந்தார்கள். விழா முடிந்ததும் அதை நானே கழற்றிச் சுருட்டி, பஸ்ஸில் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

இப்போது உங்கள் விஷயம். தாள் ஏன் திரும்பி வருகிறது என்று யோசித்தீர்களா? அடுத்த குழு வரப்போகிறது. பழைய பாராட்டு கோப்பில் இருக்கிறது, அதைத் தொடர்ந்து நடத்துவதாகக் காட்ட வேண்டும். அதற்குத்தான் நீங்கள். அதனால் நடத்தாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நன்றாக நடத்துங்கள், அந்தப் பாடம் அதற்குத் தகுதியானது. வெளியிலிருந்து வருகிற கோபத்துக்குப் பயப்படாதீர்கள். கோபமாக வருகிறவரிடம் பெரும்பாலும் ஒரு கேள்வி இருக்கும், அதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால் உட்கார்ந்து கேட்பார். உள்ளே தேன் ஒழுகப் பேசுகிறவரைத்தான் கவனிக்க வேண்டும். உங்கள் மாணவரைத் தனியாக எவர் ஃபோனில் கூப்பிட்டாலும், அன்றே உங்களிடம் சொல்லும்படி முதல் வகுப்பிலேயே சொல்லி வையுங்கள். பிள்ளைகள் தாங்கள் நேசிக்கிற பாடத்துக்காக எதையும் ஒத்துக்கொள்வார்கள். அது தெரிந்துதான் அவர்களைக் கூப்பிடுகிறார்கள்.

போன மாதம் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் ஷமீமைப் பார்த்தேன். அதே கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறாளாம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிஃபன் பை. என்னைப் பார்த்ததும் அதே பழைய சிரிப்பு. தாள் திரும்ப வருகிறது என்று சொன்னேன். "அப்படியா மேடம், நல்லது" என்றாள். யாரோ எவரோ வீட்டு விசேஷத்தைக் கேட்டுக்கொள்கிற குரலில் சொன்னாள்.

என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அந்தச் சூரியன் அத்தியாயம்? இன்னும் ஓதறியாடி?"

"ஓதாம எப்படி மேடம்? தொழுகையில வருதே." கம்பெனி பஸ் வந்து நின்றது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ஆனா அது வந்தா அந்த ரூமும் கூடவே வந்துடுது. ஹஜ்ரத் மடியில அந்தப் பேனரு, அவரு நீயான்னு கேட்டது... அதனால வேகமா ஓதி முடிச்சுடறேன் மேடம். கேக்கறதில்ல."